ஆறு என்றால் ஏழு

சமாதானபுரத்தில் தையல்கடைக்கு மேலே
டியூஷன் விட்டதும் எட்டு மணிக்கு
அந்த அறை எங்களுக்கு.
பெஞ்சுகளைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு,
யாரோ பாதியில் விட்ட கணக்கைக்
கரும்பலகையில் அழிக்காமல்,
செருப்பைக் கழற்றி வட்டமாக நிற்போம்.

நாடகம் எதுவென்று இன்னும் முடிவாகவில்லை.
முதல்ல வாய் திறக்கட்டும் என்கிறாள் எஸ்தர் ஜெபக்கனி.
பகலெல்லாம் செல்போன் கடையில் கண்ணாடி ஒட்டுகிறவள்.
குமிழி விழாம எப்படி ஒட்டுதே என்று கேட்டால்
"யோசிச்சா விழும்" என்பாள்.

கைதட்டு. சொல்.
கைதட்டு. சொல்.
வந்ததைப் பிடித்துப் பார்க்கக் கூடாது,
சுட்ட பணியாரம் மாதிரி அடுத்த கைக்குத் தள்ளிவிட வேண்டும்.
அல்வா என்று சொல்கிறவருக்கு
அன்றைய டீச்செலவு.

மழை என்றாள் சேர்மக்கனி அக்கா.
லீவு என்றான் காலேஜ் பையன்.
லீவா, என்றாள் பிரம்மசக்தி.
ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் ராத்திரி ட்யூட்டி,
அவளுக்கு அந்தச் சொல்லே புதுசு.
கீழிருந்து தையல்காரர் கம்பால் மச்சைத் தட்டினார்.
அதையும் தாளத்தில் சேர்த்துக்கொண்டோம்.

ஆறு, என்று என்னிடம் வந்தது.
ஏழு என்றேன்.
தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவன்
நினைக்காமல் எண்ணிவிட்டேன்.
ஏழா, கழுதை, என்றது பக்கத்து வாய்.

இருபத்திரண்டு வருடமாகக்
கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் கோப்பு எழுதுகிறேன்.
"பார்வையில் காணும் கடிதத்தின்படி" என்று தொடங்காமல்
எனக்குத் தண்ணீர் கேட்கக்கூட வராது.
உள்ளே ஒரு கண்காணிப்பாளர்
மூக்குக்கண்ணாடியைச் சரியவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.
ஒவ்வொரு சொல்லும் அவர் மேசைக்குப் போய்ச்
சுருக்கொப்பம் வாங்கித் திரும்புவதற்குள்
கைதட்டு நாலு ஆளைத் தாண்டியிருக்கும்.

அடுத்த விளையாட்டு இன்னும் பொல்லாதது.
அறைக்குள் வேகமாக நடக்கணும்.
எதிர்ப்பட்டதைக் கைநீட்டி,
அது எது இல்லையோ
அந்தப் பேரை உரக்கச் சொல்லணும்.
மின்விசிறி, சம்பந்தி.
ஜன்னல், நெத்திலிக் கருவாடு.
மைதீன் பிச்சை தன் வழுக்கையைத் தொட்டு
மேலப்பாளையம் சந்தை என்றார்.
ஆவுடையப்பன் மட்டும் ஒரு சாக்பீஸின் முன்னால்
வேர்த்து விறுவிறுத்து நின்று
கடைசியில், சாக்பீஸ் என்றான்.
வக்கீல் குமாஸ்தா அவன்.
பொய் வரவில்லை.

மறுபடியும் வட்டம். மறுபடியும் கைதட்டு.
அம்மா, என்று வந்தது எனக்கு.
வட்டி என்றேன்.

தாளம் ஒரு நொடி இடறியது.
கண்காணிப்பாளர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.
ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது,
எஸ்தர் வைத்த ஒரே சட்டம் அது.
சேர்மக்கனி அக்கா என் முகத்தைப் பார்க்காமல்
குட்டி என்றாள்.
குட்டிக்கு ஆடு.
ஆடு என்றதும் ஊஞ்சல்.
ஊஞ்சலுக்குத் தலைசுத்து, தலைசுத்துக்கு எலுமிச்சை,
எலுமிச்சைக்கு லாரி.
நான் திரும்பிப் பார்க்கையில்
என் சொல் ஊர் எல்லை தாண்டியிருந்தது.
வரைவு இல்லாமல், திருத்தம் இல்லாமல், நகல் இல்லாமல்
நான் அனுப்பிய முதல் தபால்.

ஒன்பதே முக்கால் பஸ்ஸில் ஏறினேன்.
முருகன்குறிச்சித் தெருவிளக்கெல்லாம் முருங்கைக்காய்.
சிக்னல், தாய்மாமன்.
பாலத்துக்கு அடியில் ஏழு
இருட்டில் போய்க்கொண்டிருந்தது.

"எங்க வே?" என்று கண்டக்டர்.
சந்திப்பு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.
"பலாப்பழம் ஒண்ணு."

நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை மனுசன்.
எச்சில் தொட்டுச் சீட்டைக் கிழித்தபடியே,
"முழுசுக்கு எடமில்ல, சுளை தாரேன்.
கொட்டையத் துப்பாம எறங்கும்.
சில்லறையா எடும்."